நெஞ்சில் வைத்து வளர்க்கும் பிள்ளை: கங்காரு பராமரிப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் நம்மூரில் முதல் கேள்வி, ஆணா பெண்ணா. இரண்டாவது கேள்வி, "நிறை எவ்வளவு?" மூன்று கிலோ என்றால் கேட்டவருக்கே வயிறு குளிர்ந்துவிடும். "ஒண்டு எழுநூறு" என்று பதில் வந்தால் பேச்சு ஒரு நொடி நின்று, "பி.பி.யு.விலயா வச்சிருக்காங்க?" என்று குரல் இறங்கும். மாதம் குறைந்த பிள்ளைகளை வைக்கும் அந்தப் பிரிவு, கண்ணாடிப் பெட்டி, வயர்கள், கதவுக்கு வெளியே காத்திருக்கும் அம்மா என்று ஒரு படம் எல்லோர் மனதிலும் வந்துவிடும். அந்தப் படத்தில் அம்மா நிற்கும் இடம் இப்போது உலகெங்கும் மாறி வருகிறது. கதவுக்கு வெளியே நிற்பவரை உள்ளே கூட்டி வந்து, வசதியாக உட்காரவைத்து, உடுப்பில்லாத பிள்ளையை அவருடைய வெறும் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக் கட்டிவிடுவது, அதுதான் கங்காரு பராமரிப்பு.

கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். அதனாலேயே இதை வசதியில்லாத இடத்தில் செய்யும் ஒப்பேற்றல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி நினைப்பது பிழை. ஏன் என்று விளங்க, முதலில் நிறை குறைந்த பிள்ளைக்கு என்னதான் சிக்கல் என்று தெரிய வேண்டும்.

2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளையை நிறை குறைந்த பிள்ளை என்கிறோம். இலங்கையில் ஏறக்குறைய ஏழு பிள்ளைக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. இதில் இரண்டு வகை. சில பிள்ளைகள் 37 கிழமை முடியும் முன்னரே பிறந்துவிடுகின்றன. வேறு சில, மாதம் நிறைந்து பிறந்தும் வயிற்றுக்குள் சரியாக வளராதவை. இரண்டும் சேர்ந்தும் வரும். தாயின் இரத்தச்சோகை, உயர் இரத்த அழுத்தம், போசாக்குக் குறைவு, இரட்டைப் பிள்ளை என்று காரணங்கள் பல. காரணமே கண்டுபிடிக்க முடியாமலும் போகும். "நீ ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா இப்படி வந்திருக்குமா" என்று கட்டிலருகே நின்று கேட்கிறவர்களைத் தயவுசெய்து வெளியே அனுப்பிவிடுங்கள். பால் சுரக்கவேண்டிய நேரத்தில் அந்தப் பேச்சால் ஒரு பிரயோசனமும் இல்லை.

சிறிய பிள்ளைக்கு முதல் எதிரி குளிர். அடுப்பிலிருந்து ஒரே நேரம் இறக்கினாலும் பானைத் தண்ணீரைவிடக் கோப்பைத் தேநீர் சீக்கிரம் ஆறிவிடுகிறதல்லவா? உடல் சிறியதாக ஆக, நிறையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடுகிறது. வெப்பம் வேகமாக வெளியேறுகிறது. போதாததற்கு அந்தத் தோல் மெல்லியது, அதற்குக் கீழே கொழுப்பும் இல்லை. பெரியவர்களைப் போல நடுங்கி உடம்பைச் சூடாக்கவும் பச்சைப் பிள்ளைக்குத் தெரியாது. உடல் வெப்பநிலை 36.5 பாகை செல்சியசுக்குக் கீழே போனால், கையிருப்பில் உள்ள கொஞ்சச் சீனியையும் ஒட்சிசனையும் எரித்துத்தான் அது சூட்டைக் காக்கவேண்டும். அப்புறம் இரத்தத்தில் சீனி குறைகிறது, மூச்சு சிரமப்படுகிறது, பால் உறிஞ்சத் தெம்பில்லாமல் போகிறது. பால் குறைந்தால் இன்னும் குளிர்கிறது. இந்தச் சுழலில் மாட்டித்தான் பல பிள்ளைகள் இறந்துபோகின்றன. இரண்டாவது எதிரி கிருமித்தொற்று. மூன்றாவது, மூச்சு விட மறந்துபோவது. மாதம் குறைந்த பிள்ளைகளில் மூச்சு சில நொடிகள் நின்று நின்று வரும்.

இன்கியூபேட்டர் என்ற அந்தக் கண்ணாடிப் பெட்டி இதில் முதலாவதை நன்றாகவே கவனித்துக்கொள்ளும். ஆனால் 1970களின் கடைசியில் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் இருந்த தாய் சேய் வைத்தியசாலை ஒன்றில் இன்கியூபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்தார்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொற்று பரவியது. பிள்ளையைத் தொடக்கூட முடியாமல் நாள்கணக்கில் பிரிந்திருந்த தாய்மாரில் சிலர் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டும் போனார்கள். 1978இல் அங்கே வேலை செய்த எட்கார் ரேய் சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர், பிள்ளையைத் தாயின் நெஞ்சிலேயே கட்டி, தாய்ப்பால் கொடுத்து, சீக்கிரமாக வீட்டுக்கு அனுப்பிக் கண்காணிக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு எக்டர் மார்ட்டினெஸ் என்ற மருத்துவரும் சேர்ந்துகொண்டார். மிகச் சிறிதாகப் பிறந்து தாயின் பைக்குள்ளேயே வளரும் கங்காருக் குட்டியின் பெயர் அப்படித்தான் இதற்கு வந்தது.

தட்டுப்பாட்டில் தொடங்கிய வேலைதான். ஆனால் செய்யச் செய்ய, பெட்டி செய்யாத சில காரியங்களையும் தாயின் நெஞ்சு செய்கிறது என்று தெரியவந்தது. பிள்ளைக்குக் குளிர்ந்தால் தாயின் மார்புத் தோல் சூடேறுகிறது, பிள்ளை சூடானால் தணிகிறது. தாயின் மூச்சு ஏறி இறங்கும் அசைவும் இதயத் துடிப்பும் பிள்ளையின் மூச்சுக்கு ஒரு தூண்டுதல். மூச்சு நிற்பது குறைகிறது. வார்ட்டில் உலவும் கிருமிகள் ஒட்டுவதற்கு முன் தாயின் தோலில் உள்ள சாதாரணக் கிருமிகள் பிள்ளையின் தோலில் குடியேறிவிடுகின்றன; அவற்றுக்கு எதிரான நோயெதிர்ப்புப் பொருள் தாயின் பாலிலேயே இருக்கிறது. பிள்ளையின் வாசமும் தொடுகையும் தாய்க்குப் பாலை இறக்கிவிடுகின்றன.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பது நியாயம். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து வைத்தியசாலைகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2021இல் வெளிவந்தது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடையில் பிறந்த 3,211 பிள்ளைகள். ஒரு பிரிவுக்கு வழமையான முறை: முதலில் இன்கியூபேட்டரோ சூடாக்கியோ, பிள்ளை தேறிய பிறகு கங்காரு. மற்றப் பிரிவுக்குப் பிறந்த உடனேயே கங்காரு, அதுவும் நாளுக்கு ஏறக்குறைய 17 மணித்தியாலம். 28 நாளுக்குள் இறந்தவை முதல் பிரிவில் நூற்றுக்கு 15.7, இரண்டாவதில் 12.0. வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், மற்றப் பிள்ளைகளுக்கு இதை மறுப்பது சரியில்லை என்று ஆய்வையே இடையில் நிறுத்திவிட்டார்கள். "பிள்ளை தேறட்டும், பிறகு தாயிடம் கொடுக்கலாம்" என்ற பழைய ஒழுங்கு தலைகீழானது இங்கேதான். பிள்ளை தேறுவதற்கே தாயிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்தாலும் பலன் உண்டா? இந்தியாவின் ஹரியானாவில் 1.5 கிலோவுக்கும் 2.25 கிலோவுக்கும் இடைப்பட்ட 8,402 பிள்ளைகளை வைத்து, வீட்டிலேயே தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அங்கும் முதல் மாத இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இவற்றையெல்லாம் பார்த்துத்தான் 2022இல் உலக சுகாதார நிறுவனம், மாதம் குறைந்த, நிறை குறைந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இதை வழமையான பராமரிப்பாகவே கொடுக்கச் சொன்னது: பிறந்தவுடன் தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணித்தியாலம், முடிந்தவரை கூடுதலாக. தானாக மூச்சு விட முடியாத, வென்டிலேட்டர் தேவைப்படுகிற, இரத்த ஓட்டம் குலைந்து அதிர்ச்சி நிலையில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் உடனே தொடங்க வேண்டாம். மூக்கில் ஒட்சிசன் குழாய் இருப்பதோ, கையில் சேலைன் ஏறுவதோ தடை இல்லை. இன்கியூபேட்டரை வீசிவிடச் சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். அது தேவைப்படும் பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள்.

சரி, செய்வது எப்படி? முதல் தடவை தாதியோ டொக்டரோ பக்கத்தில் நின்று காட்டித்தரவேண்டும். படித்துவிட்டு நீங்களாகத் தொடங்கும் வேலை இல்லை. பிள்ளைக்குப் பம்பர்ஸ், தொப்பி, சொக்ஸ் மட்டும். தாய் முன்பக்கம் திறக்கும் உடுப்பு போட்டு, தட்டையாகப் படுக்காமல் சாய்ந்து இருக்கவேண்டும். பிள்ளையை இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, நெஞ்சோடு நெஞ்சு படும்படி வைக்கிறார்கள். கைகள் மடிந்திருக்கும், கால்கள் அகன்று முழங்காலில் மடிந்திருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பி, நாடி (முகவாய்) சற்றே நிமிர்ந்திருக்கவேண்டும். இந்த நாடி விஷயத்தை ஒருக்காலும் அசட்டை செய்யக்கூடாது. தலை முன்னால் தொங்கி நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடிந்துவிடும். அளவுக்கு மிஞ்சிப் பின்னால் சாய்ந்தாலும் ஆகாது. மூக்கும் வாயும் எப்போதும் தாயின் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

அப்புறம் கட்டும் துணி. விசேஷமாக எதுவும் வாங்கத் தேவையில்லை. இழுபடாத, துவைத்துப் பதமான பருத்தித் துணி போதும்; மருதமுனைக் கைத்தறித் துணி ஒன்று வீட்டில் கிடந்தால் அதைவிட நல்லது கிடையாது. துணியின் மேல் ஓரம் பிள்ளையின் காதுக்குக் கீழே வரவேண்டும். தாய் எழும்பி நின்றாலும் பிள்ளை வழுகாத அளவுக்கு இறுக்கம், பிள்ளையின் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்கும் அளவுக்குத் தளர்வு. ஒருமுறை வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வைத்திருப்பது நல்லது. அடிக்கடி எடுப்பதும் வைப்பதும் சிறு பிள்ளைக்கு அலைச்சல். தாய் நடக்கலாம், பேசலாம், சாப்பிடலாம். பழைய வீடுகளில் இருக்கும் சாய்மனைக் கதிரைக்கு இப்போது ஒரு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. பிளாஸ்டிக் கதிரையில் மணிக்கணக்காக இருந்தால் முதுகு போய்விடும். இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கலாம். அடுப்படிக்கு மட்டும் பிள்ளையோடு போகவேண்டாம்.

"இந்த வெக்கைக்குள்ள புள்ளைக்கு வேர்க்காதாகா?" இந்தக் கேள்வியை ஓர் அம்மம்மாவாவது கேட்காமல் விடமாட்டார். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது மட்டக்களப்பில் யாருக்குமே நெஞ்சில் ஒரு துணிகூடப் பாரம்தான். ஆனால் நமக்கு வெக்கையாக இருக்கும் அறையிலும் 1.6 கிலோப் பிள்ளை குளிர்ந்துபோகும். மின்விசிறிக்கு நேரே ஈரத் துணியோடு கிடந்தால் இன்னும் வேகமாக. வெயில் காலத்தில் குறைக்கவேண்டியது மேலே போர்த்தும் துணியை. தோலோடு தோல் இருப்பதை அப்படியே விடுங்கள். வெப்பமானி இருந்தால் பிள்ளையின் கக்கத்தில் 36.5க்கும் 37.5க்கும் இடையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள், வயிற்றைப் போலவே இளஞ்சூடாக இருந்தால் சரி. மார்கழியில் வாடையும் மழையும் சேரும்போது இதே துணிக்குமேல் ஒரு போர்வை கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

தாய்க்குச் சீசர் நடந்து எழும்ப முடியாவிட்டால்? களைத்துப்போனால்? குளிக்கப் போனால்? தந்தை வைத்துக்கொள்ளலாம், அம்மம்மா வைத்துக்கொள்ளலாம், சித்தி வைத்துக்கொள்ளலாம். பால் தவிர மற்ற எல்லாமே அவர்கள் நெஞ்சிலும் உண்டு. ஆண்களுக்கு இதில் வெட்கம் என்கிறார்கள். நம்மூர் ஆண்கள் வீட்டில் சேட் போடுவதே அபூர்வம். இதற்கு மட்டும் என்ன வெட்கம் என்று எனக்கு விளங்கவில்லை. தடிமன், இருமல், தோல் வியாதி இருப்பவர் மட்டும் விலகியிருக்கவேண்டும். புகைப்பவர் கையும் உடம்பும் கழுவி, உடுப்பும் மாற்றிய பிறகுதான் பிள்ளைக்குக் கிட்ட வரவேண்டும். பெண்களின் கூச்சம் வேறு கதை, அதை மதிக்கத்தான் வேண்டும். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஆள் நிறைந்த ஒரு வீட்டில், வார்ட்டில் திரை இல்லாத ஒரு கட்டிலில், நெஞ்சைத் திறந்து இரு என்று சொன்னால் எந்த உம்மாவும் தயங்குவார். ஒரு திரைச்சீலை, முன்னால் திறக்கும் ஒரு கவுன், மேலே போர்க்க ஒரு துப்பட்டி. கட்டி முடித்தபின் வெளியே தெரிவது பிள்ளையின் தொப்பி மட்டும்தான்.

இனி, எனக்கு முக்கியமாகப் படும் இடம். கங்காரு பராமரிப்புக்குச் செலவில்லை என்று சொல்லிச் சொல்லியே அதைக் கெடுத்துவைத்திருக்கிறோம். கருவிச் செலவு இல்லை, உண்மை. அதற்குத் தேவைப்படுவது ஒரு பெண்ணின் நாள். குறைந்தது எட்டு மணித்தியாலம் பிள்ளையை நெஞ்சில் வைத்திருப்பவர் சமைக்க முடியாது, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது, கூலி வேலைக்குப் போக முடியாது. வாகரையிலோ வெல்லாவெளியிலோ வீடு, பிள்ளை இருப்பது மட்டக்களப்பு நகரத்து வைத்தியசாலையில் என்றால், தாய் டிஸ்சார்ஜ் ஆனபின் தினம் பஸ் ஏறி வந்து ஒரு மணித்தியாலம் வைத்திருந்துவிட்டுப் போவதை வைத்துக்கொண்டு அந்த 17 மணித்தியாலப் பலனை எதிர்பார்க்க முடியுமா? இந்த முறையை விரிவாக்குவது என்றால் சுவரில் போஸ்டர் ஒட்டுவதோடு வேலை முடியாது. பிள்ளை இருக்கும் அறைக்குள்ளேயே தாய்க்கு ஒரு கட்டில் வேண்டும், அல்லது சாயும் கதிரையாவது வேண்டும். அவருக்குச் சாப்பாடு, மலசலகூடம், திரை வேண்டும். பார்வையாளர் நேரம் என்ற சட்டம் தாய்க்கும், அவருக்குப் பதிலாக வரும் தந்தைக்கும் பொருந்தாது என்று எழுதிவைக்கவேண்டும். சீசர் முடிந்த தாயைக் கவனிக்கும் மிட்வைஃபும் பிள்ளையைக் கவனிக்கும் தாதியும் ஒரே அறையில் வேலை செய்யப் பழகவேண்டும். ஆளில்லாத வார்ட்டில் இருக்கும் தாதியிடம் இதையும் தூக்கிச் சுமத்தினால் அவர் பதிவேட்டில் சரி என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். அவரில் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

வீட்டுப் பக்கம் பார்த்தால் கிழக்கில் நமக்கு ஒரு பலம் இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழர் முஸ்லிம் இரு தரப்பிலும் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கல்யாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே பிள்ளை பெற்றவரைச் சுற்றி அவருடைய சொந்த அம்மா, அக்கா, தங்கை, அடுத்த வளவில் பெரியம்மா என்று ஆட்கள் இருக்கிறார்கள். முறை போட்டுக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. காலையில் அம்மம்மா இரண்டு மணித்தியாலம், பின்னேரம் வேலை முடிந்து குளித்துவிட்டு வரும் தந்தை இரண்டு மணித்தியாலம், மற்ற நேரம் தாய். சமையலும் உடுப்புத் தோய்ப்பும் மற்றவர்களுக்கு. கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வீட்டிலும் இந்தக் கணக்கு ஓரளவு ஓடும். ஆகவே வைத்தியசாலையில் கற்றுக்கொடுக்கும்போது தாய்க்கு மட்டும் சொல்லாமல் அம்மம்மாவையும் உம்மம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லவேண்டும். வீட்டில் அவர் சொல்தான் கடைசிச் சொல்.

அவரிடம் சொல்லவேண்டியவை இன்னும் சில. பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டவேண்டாம், அந்த நெஞ்சுக்கு அது தாங்காது. தேன், சீனித் தண்ணீர் எதுவும் வேண்டாம், தாய்ப்பால் மட்டும். உறிஞ்சத் தெம்பில்லாவிட்டால் கைகழுவிப் பிழிந்த பாலைச் சின்னக் கப்பில், வார்ட்டில் காட்டித்தந்தபடி கொடுக்கலாம். இரவிலும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுப்பியாவது கொடுக்கவேண்டும். குளிப்பாட்ட அவசரப்படவேண்டாம். பார்க்க வரும் சனத்தைப் பிள்ளை கொஞ்சம் தேறியபின் வரச் சொல்லலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் பகுதி மிட்வைஃபுக்கு அன்றே அறிவியுங்கள். பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பது அவருடைய வேலை; நிறை குறைந்த பிள்ளை என்றால் கூடுதலாகவே தேவைப்படும். ஆரம்ப நாட்களில் நிறை கொஞ்சம் இறங்குவது சாதாரணம். அதன்பின் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 15 கிராம் அளவில் ஏறவேண்டும், அதாவது 1.6 கிலோப் பிள்ளைக்கு ஏறக்குறைய 25 கிராம். பால் குடிக்க மறுத்தால், மூச்சு வேகமாக வாங்கினால், நெஞ்சு உள்வாங்கினால், மூச்சு நின்று நின்று வந்தால், உதடு நீலித்தால், வலிப்பு வந்தால், காய்ச்சல் அடித்தால், நெஞ்சில் வைத்தும் குளிர் மாறாவிட்டால், உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினால் காத்திருக்கவேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மழைக்குப் படுவான்கரை வீதிகளில் தண்ணீர் நிற்கும் காலமென்றால் இன்னும் முந்திக்கொள்ளுங்கள். போகும் வழியெல்லாம் பிள்ளை நெஞ்சிலேயே இருக்கட்டும். அம்புலன்ஸ் என்றாலும் ஓட்டோ என்றாலும் சூடு விடாமல் கொண்டுபோக அதுதான் வழி.

எப்போது நிறுத்துவது என்று யாரும் நாள் குறிக்கத் தேவையில்லை. இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது, அல்லது பிறக்கவேண்டிய திகதி வரும்போது, பிள்ளை கையைக் காலை வெளியே தள்ளும், நெளியும், வைத்தால் அழும். அது போதும் என்கிறது. அப்போது மெல்ல மெல்ல நேரத்தைக் குறைக்கலாம், குளித்தபின்னும் குளிரான இரவிலும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கிளினிக் அதோடு முடிவதில்லை. மிக முன்னதாகப் பிறந்த பிள்ளைக்கு விழித்திரைப் பரிசோதனை பிறந்து சில கிழமைக்குள் செய்யவேண்டும், பிந்தினால் பார்வையே போகலாம். காது கேட்கிறதா என்றும் பார்க்கவேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் இந்தத் திகதிகள் எழுதியிருக்கிறதா என்று வார்ட்டை விட்டு இறங்கும் முன்னரே பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்.